கண்ணின் உழைப்பு: பேராதனைப் படவரைஞரும் தாவரச் சித்திரக் கலையும்

பேராதனைத் தாவரவியற் பூங்காவின் வரலாற்றைக் கூற முற்படுவோர் பெரும்பாலும் அதன் அத்தியட்சர்களின் பெயர்களையே வரிசைப்படுத்திச் செல்வர். 1821 ஆம் ஆண்டிலே பூங்காவைக் களுத்துறையிலிருந்து பேராதனைக்குக் கொண்டுவந்த அலெக்சாந்தர் மூன் 1825 இல் இறந்தார். அவர்பின் வந்தோர் பலர் நெடுங்காலம் நிலைக்கவில்லை. 1844 இல் பொறுப்பேற்ற ஜோர்ஜ் கார்ட்னர் ஐந்தாண்டுகள் கழிந்ததும் நுவரெலியாவிற் காலமானார். 1849 முதல் 1880 வரை துவைற்ஸ். அவருக்குப்பின் ஹென்றி திரிமென். அரசர் பரம்பரையை ஒப்புவிப்பது போன்ற இப்பட்டியலிலே ஒரு பெயர் இடம்பெறுவதில்லை. மூன் காலத்திற் பூங்காவின் படவரைஞராகச் சேர்ந்து, துவைற்ஸின் காலம் வரை, ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் இந்நாட்டின் செடிகொடிகளைப் பார்த்துப் பார்த்து வரைந்த ஹர்மானிஸ் டி அல்விஸ் செனவிரத்ன என்பவரின் பெயரே அது. அத்தியட்சர்கள் கப்பலேறி வந்தனர், காய்ச்சலில் மடிந்தனர், சிலர் திரும்பிச் சென்றனர். அவர்கள் மாறிக்கொண்டிருந்த காலமெல்லாம் பூங்காவின் நினைவு அறுந்துபோகாமல் இருந்தது ஒரு சிங்களச் சித்திரகாரரின் கையிலேதான்.

அவருடைய மைந்தர் வில்லியமும் ஜோர்ஜும் தந்தையின் தொழிலைத் தொடர்ந்தனர். 1880 முதல் 1887 வரை இலண்டனில் மூன்று தொகுதிகளாக வெளிவந்தது, இலங்கையின் வண்ணத்துப்பூச்சிகளையும் அந்துப்பூச்சிகளையும் பற்றிப் பிரெடெரிக் மூர் எழுதிய பெருநூல். அதிலுள்ள 200 க்கும் மேற்பட்ட வண்ணப்படங்களுக்கு மூலமாக அமைந்தவை இவ்விரு சகோதரரின் சித்திரங்கள். 1893 இல் வெளிவரத் தொடங்கிய திரிமெனின் இலங்கைத் தாவர நூலுடன் சேர்ந்த 100 படங்களும் பெரும்பாலும் இக்குடும்பத்தின் கைவேலையே. 1896 இல் திரிமென் இறந்தபின் அந்நூலை ஜோசெப் ஹூக்கர் 1900 இல் முடித்துவைத்தார் என்பதைத் தாவரவியல் மாணவர் அறிவர். படங்களை வரைந்தோர் யார் என்று கேட்டால் அவருள் எத்தனைபேர் விடை கூறுவர்?

இதனை வெறும் பெயர் மறதி என்று தள்ளிவிடுவதற்கில்லை. மூளையின் உழைப்பு உயர்ந்தது, கையின் உழைப்பு தாழ்ந்தது என்னும் பழைய பிரிவினையின் விளைவு இது. இலத்தீனில் விவரணம் எழுதியவர் அறிஞர். அச்செடியைப் படமாக்கியவர் கையாள். ஆனால் ஒரு தாவரச் சித்திரம் எவ்வாறு உருவாகின்றது என்பதை அடியிலிருந்து தொடர்ந்து பார்ப்போமாயின், எந்த இடத்திற் கை ஓய்ந்து மூளை தொடங்குகின்றது என்று கோடு கிழிக்க எவராலும் இயலாது.

முதலில், இத்தகைய சித்திரம் ஏன் வேண்டப்பட்டது என்பதைக் கூறவேண்டும். செடியைப் பறித்து, தாள்களுக்கிடையில் அழுத்தி உலர்த்தி வைப்பது தாவரவியலாரின் வழக்கம். உலர்ந்த செடி பல்லாண்டு கெடாதிருக்கும். ஆயின் அதன் நிறம் போய்விடும், பருமை போய்விடும், சதைப்பற்றுள்ள பாகங்கள் கருகிச் சுருங்கிவிடும். ஓர்க்கிட் மலரொன்றை அழுத்தி உலர்த்தினால் எஞ்சுவது பழுப்பு நிறச் செதில். கப்பலேறிப் பல மாதங்களின் பின் ஐரோப்பிய நகரொன்றை அடையும் அச்செதிலை வைத்துக்கொண்டு மலரின் வடிவத்தை ஊகிப்பது கருவாட்டைப் பார்த்து மீனின் நீச்சலை ஊகிப்பது போலாகும். எனவே மலர் உயிருடன் இருக்கும்போதே அதை வரைந்துகொள்ள ஒருவர் செடியின் அருகில் இருக்கவேண்டியதாயிற்று.

லின்னேயஸ் என்னும் சுவீடன் நாட்டறிஞர் படங்களை அதிகம் மதித்தவரல்லர். தாவரச் சாதிகளை நிர்ணயிப்பதற்குப் படங்களை ஏற்பதில்லை என்று அவர் வெளிப்படையாகவே எழுதினார். சொல்லும் எண்ணும் போதும் என்பது அவர் கொள்கை. ஆனால் இலங்கை மண்ணை மிதித்தே அறியாத அவர் 1747 இல் இலங்கைத் தாவரங்களைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டபோது, அதற்கு ஆதாரமாயிருந்தது ஒல்லாந்தக் கம்பனியின் வைத்தியராக 1672 இல் இங்கு வந்த பவுல் ஹேர்மன் என்பவரின் சேகரம். அதில் உலர்ந்த செடிகளோடு ஒரு தொகுதி சித்திரங்களும் இருந்தன. படங்களை வேண்டாமென்று கூறியவரும் படங்களின்றி இந்நாட்டுச் செடிகளை முற்றும் அறிய முடியவில்லை.

இனிச் சித்திரகாரரின் வேலையைக் கவனிப்போம். காட்டிலிருந்து செடி வந்து சேர்கின்றது. அது வாடத் தொடங்கிவிட்டது. இலை இரண்டு நாள் தாங்கும். பூ நண்பகலைத் தாங்குமோ என்பது ஐயம். ஆகவே பூவே முதலில். அதிலும் நிறமே முதலில். இதழின் நிறம் மங்குமுன் தாளின் ஓரத்திற் சிறு சிறு பொட்டுகளாக அதைப் பதிந்துகொள்ள வேண்டும். பின்னர் கவராயத்தால் அளவெடுத்தல். தாவரச் சித்திரம் இயன்றவரை இயற்கை அளவிலேயே அமையும். கண் மதிப்பு எவ்வளவு தேர்ந்ததாயினும் அளவுகோலுக்கு அது கீழ்ப்பட்டது என்பதை இத்தொழிலிற் புகுந்தோர் முதல் நாளிலேயே கற்றுக்கொள்வர்.

அளவெடுத்தபின் எண்ணுதல். இதழ் எத்தனை, கேசரம் எத்தனை, சூலகத்தில் அறை எத்தனை? ஒரு பூவில் எண்ணினாற் போதாது. முதற் பூவில் ஒரு கேசரம் உதிர்ந்திருக்கலாம். இரண்டாவது பூவை வண்டு குடைந்திருக்கலாம். இலைகள் தண்டில் எவ்வாறு ஏறுகின்றன என்பதும் எண்ணிக்கைக்குரியதே. செவ்வரத்தையின் கிளையொன்றை எடுத்து, ஓர் இலையின் அடியிலிருந்து அடுத்த இலைக்கும் அதற்கடுத்த இலைக்கும் விரலை நகர்த்திச் செல்லுங்கள். தண்டை இருமுறை சுற்றியபின் ஆறாவது இலை முதலிலைக்கு நேர்மேலே வந்து நிற்கும். இவ்வொழுங்கை அறியாதவன் இலைகளை அழகுக்காக இங்கொன்றும் அங்கொன்றுமாக ஒட்டிவைப்பான். அவன் வரைந்தது பூச்சட்டைத் துணிக்கு உதவும், செடிக்கு உதவாது.

எண்ணிக்கையிலும் கடினமானது காண்பதை வரைதல். புதிதாக வரையப் பழகுபவர் இலையைப் பார்ப்பதில்லை. இலை எப்படியிருக்கும் என்று தமக்கு முன்னரே தெரிந்ததையே வரைகின்றனர். மாவிலை நீண்டது, அரசிலை கூரிய வாலுடையது என்னும் நினைப்பு கையை இழுத்துச் செல்கின்றது. கண்ணுக்கு நேரே நீட்டிக்கொண்டிருக்கும் மாவிலை உண்மையில் ஒரு குறுகிய கீற்றாகவே தோன்றும். அதை நீளமாக வரைய வேண்டும் என்று மனம் பிடிவாதம் செய்யும். இப்பிடிவாதத்தை வெல்வதற்கு இலையைச் சற்று மறந்துவிட்டு, இரண்டு இலைகளுக்கிடையிலுள்ள வெற்றிடத்தின் வடிவத்தை வரைந்துபார்ப்பது ஒரு வழி. வெற்றிடத்தைப்பற்றி மனத்துக்கு முன்முடிவு எதுவும் இல்லையாதலால், கண் அங்கே நேர்மையாக நடந்துகொள்கின்றது. மடிந்த இலையை வரையும்போது நடுநரம்பைக் கண்விட்டுவிடாது தொடரவேண்டும். மடிப்பின் பின்னே மறைந்து மறுபுறம் வெளிப்படும் அந்த நரம்பு ஒரே கோடாக ஓடாவிட்டால் இலை ஒடிந்ததுபோற் காட்சிதரும்.

இவற்றையெல்லாம் ஒருநாளிற் செய்து முடிப்பதற்கில்லை. பூத்த செடி காய்ப்பதற்குச் சில மாதம் செல்லும். பூவை வரைந்த தாளிலேயே காய்க்கும் விதைக்கும் இடம்விட்டுக் காத்திருக்கவேண்டும். நாம் ஒரே பார்வையிற் பார்த்துவிடும் படத்திலே அரும்பும் மலரும் கனியும் வெடித்த விதையும் அடுத்தடுத்து நிற்கின்றனவே, அவ்வாறு அவை ஒருங்கே நின்ற வேளை பெரும்பாலும் இருந்ததில்லை. ஒரு பருவகாலம் முழுவதும் ஒரு தாளுக்குள் மடக்கி வைக்கப்பட்டிருக்கின்றது.

புகைப்படக் கருவி வந்தபின் இக்கலை எதற்கு என்று கேட்போர் உளர். புகைப்படம் காட்டுவது ஒரு குறித்த செடியின் ஒரு குறித்த கணத்தை. பூச்சி அரித்த துளையும், காற்றிற் கிழிந்த ஓரமும், பின்னால் நிற்கும் புல்லும் அதில் ஒரே மதிப்புடன் பதிவாகும். சித்திரகாரரோ ஒவ்வொரு கோட்டிலும் தீர்ப்பு வழங்கவேண்டியவர். இலையோரத்திலுள்ள இந்தப் பல் இச்செடியின் இயல்பா, விபத்தா? அடியிலுள்ள இந்த மயிர் எல்லாச் செடிகளிலும் உண்டா, இளஞ்செடியில் மட்டுமா? பத்துச் செடிகளைப் பார்த்தவரே பதினோராவது செடியில் இயல்பையும் விபத்தையும் பிரித்தறிவார். துளையை விட்டுவிடுவதும் மயிரை வரைவதும் கையின் திறமை மாத்திரமா? ஆய்வாளரின் முடிவைப் போன்றே அதுவும் ஒரு முடிவு. தாவரப் பெயர்சூட்டல் விதிகளும் இதற்குச் சான்று பகர்கின்றன. பழைய பெயர்கள் சிலவற்றுக்கு மூலச்சான்றாக இருப்பது உலர்ந்த செடியன்று, ஒரு சித்திரமே. அப்படம் தவறாயிருந்தால் பெயரே நிலைகுலையும்.

ஹர்மானிஸ் டி அல்விஸின் பெயரைத் தாவரவியல் முற்றாக மறந்துவிடவில்லை என்பதையும் நியாயமாகக் குறிப்பிடவேண்டும். மரப்பட்டையில் ஒட்டி வாழும் மிகச் சிறிய ஓர்க்கிட் ஒன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கின்றது: டீனியோபில்லம் அல்விசியி. அதற்கு இலையே இல்லை. பச்சை நிறமான வேர்கள் பட்டைமீது படர்ந்து, இலை செய்யவேண்டிய தொழிலைத் தாமே செய்கின்றன. பூவோ சில மில்லிமீற்றர் அளவினது. அவ்வழியே நூறுமுறை நடந்தவனும் அதைக் கண்டிருக்கமாட்டான். காணப்படாத செடிக்குக் காணப்படாத உழைப்பாளியின் பெயர் அமைந்தது தற்செயலாயினும் பொருத்தமானதே.

இங்கு ஒரு சிறு கிளைப்பேச்சு. தாவரவியலைத் தமிழிற் கற்பிக்கும் நாம் சாதி, இனம் என்னும் சொற்களைக் கலைச்சொற்களாக வழங்குகின்றோம். தாவரங்களின் சாதி, பூவைப் பிளந்து பார்த்து அறியக்கூடிய வேறுபாடுகளின்மீது நிற்பது. தவறென்று கண்டால் மறுநாளே திருத்தப்படுவது. கிணற்றடியிலும் கோயில் வாயிலிலும் மனிதரைப் பிரித்து நிறுத்திய சாதிக்கு அப்படிப்பட்ட சான்று ஒன்றையும் எவரும் எந்தக் கைவில்லையாலும் கண்டதில்லை. வகுப்பறையில் இச்சொல்லை உச்சரிக்கும் ஆசிரியர் இவ்வேறுபாட்டையும் ஒருவரி சொல்லிச் செல்வது நன்று.

பேராதனையில் நிகழ்ந்தது தனித்த நிகழ்ச்சியன்று. பாக்குநீரிணைக்கு அப்பாலும் அதே காலத்தில் அதே உழைப்பு நடந்தது. சென்னை மாகாணத்திற் கம்பனியின் படை வைத்தியராக 1819 இல் வந்திறங்கிய றொபேட் வைற் என்னும் ஸ்கொத்லாந்தர் 1826 இல் அரசாங்க இயற்கை ஆய்வாளராக நியமிக்கப்பட்டார். இரண்டாண்டுகளிற் சிக்கனத்தின் பேரால் அப்பதவி ஒழிக்கப்பட்டது. நாகபட்டினத்துக்கு மாற்றப்பட்ட வைற், தம் சொந்தச் செலவிற் சேகரிப்பையும் சித்திர வேலையையும் தொடர்ந்தார். அவருக்காக வரைந்தவர் ரங்கையா; 1840களின் நடுப்பகுதிக்குப்பின் கோவிந்து. ரங்கையாவின் படங்கள் கிளாஸ்கோ நகரிலிருந்த வில்லியம் ஹூக்கருக்கு அனுப்பப்பட்டு, 1830களின் தொடக்கத்திலேயே அங்கு அச்சேறின. பின்னர் வைற் சென்னையிலேயே கல்லச்சில் வெளியிட்ட இந்தியத் தாவரப் படத்தொகுதி 1853 இல் நிறைவுற்றபோது ஆறு தொகுதிகளில் 2,101 படங்களைக் கொண்டிருந்தது.

இந்த எண்ணைச் சற்று நின்று சிந்திக்கவேண்டும். ஒவ்வொரு படத்துக்கும் ஒரு செடி வாடியிருக்கின்றது. ஒவ்வொரு பூவும் பிளக்கப்பட்டு, சூலகம் குறுக்கே வெட்டப்பட்டு, விதை பிளக்கப்பட்டு, பெருப்பிக்கப்பட்ட பாகங்களாகப் படத்தின் அடியில் வரிசைப்படுத்தப்பட்டிருக்கின்றது. இந்தியச் சித்திரகாரருக்குத் தூரக்காட்சி தெரியாது, நிழல் தெரியாது என்று குறைகூறிய ஐரோப்பியர் அக்காலத்திற் பலர். இக்குறையே தாவரச் சித்திரத்திற் பேறாக மாறியதை அவர்கள் கவனிக்கவில்லை. நுண்ணிய தூரிகையால் ஒவ்வொரு நகையையும் ஒவ்வொரு மடிப்பையும் தெளிவாகத் தீட்டப் பழகிய மரபு, செடியை நிழலில் மறைக்காமல் ஒவ்வொரு நரம்பையும் வெளிச்சத்திற் கொண்டுவந்து நிறுத்தியது. ஓர் இலையையேனும் திருப்பிவைத்து அதன் அடிப்புறத்தையும் காட்டுவது இச்சித்திரங்களிற் பரவலாகக் காணப்படும் வழக்கம். அடிப்புறத்தில்தான் பல செடிகள் தம் அடையாளத்தை ஒளித்துவைத்திருக்கின்றன.

வைற்றுக்கு முன்னரும் இவ்வேலை நடந்ததே. சோழமண்டலக் கரைத் தாவரங்களைப் பற்றி வில்லியம் றொக்ஸ்பரோ தயாரித்து 1795 முதல் 1820 வரை இலண்டனில் வெளிவந்த நூலில் 300 படங்கள் உள்ளன. அவற்றை வரைந்த இந்தியரின் பெயர் நூலில் இல்லை. வைற்றின் படங்களிலோ அடியில் வரைந்தவர் ரங்கையா, வரைந்தவர் கோவிந்து என்று அச்சிடப்பட்டிருக்கின்றது. இதற்காக வைற்றைப் பாராட்டுவதில் நமக்குத் தயக்கமில்லை. கோவிந்துவின் பெயரால் ஓர் ஓர்க்கிட் சாதியையே அவர் அமைத்தார். பின்வந்தோர் அதை வேறொரு சாதியுடன் இணைத்துவிட்டனர். படத்தடியில் இருந்த அந்த இரண்டு சொற்களே பிற்கால ஆய்வுக்கு நூலிழையாயிற்று. எடின்பரோ தாவரவியற் பூங்காவைச் சேர்ந்த ஹென்றி நோல்ட்டி 2007 இல் வைற்றைப் பற்றி வெளியிட்ட மூன்று தொகுதி நூலின் தலைப்பிலேயே ரங்கையாவும் கோவிந்துவும் இடம்பெற்றனர். ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டுகள் அவர்கள் காத்திருக்க வேண்டியிருந்தது.

இதனோடு ஒப்பிட்டுப் பார்க்கத்தக்க இன்னொரு வரலாறு உண்டு. மேரியான் நோர்த் என்னும் ஆங்கிலச் சீமாட்டி உலகெங்கும் சுற்றி எண்ணெய் வர்ணத்தில் தாவரக் காட்சிகளைத் தீட்டியவர். 1870களின் நடுப்பகுதியில் இலங்கைக்கும் வந்தார், பேராதனையையும் கண்டார். 1882 இல் கியூ பூங்காவில் அவர் தம் செலவிற் கட்டிய மண்டபம் திறந்துவைக்கப்பட்டது. 800 க்கும் மேற்பட்ட அவருடைய ஓவியங்கள் இன்றும் அங்கே சுவர் நிறையத் தொங்குகின்றன. துணையின்றி உலகைச் சுற்றிய அப்பெண்ணின் துணிவு போற்றுதற்குரியதே. எனினும் செல்வம் உள்ளவர் தமக்கு மண்டபம் எழுப்பிக்கொண்டார். சம்பளத்துக்கு வரைந்தவரின் தாள்கள் அலுவலக அலுமாரிக்குட் போயின.

இப்பூங்காக்கள் எதற்காக ஏற்படுத்தப்பட்டன என்னும் கேள்வியை நாம் தவிர்க்கமுடியாது. அழகுக்காகவோ அறிவுக்காகவோ மட்டும் குடியேற்ற அரசு அவற்றுக்குப் பணம் செலவிட்டதென்று நம்புவது பேதைமை. எந்தச் செடி விலைபோகும், எந்த மண்ணில் எது விளையும் என்பதே அதன் அக்கறை. 1861 இல் சிங்கோனா மரம் ஹக்கலைக்கு வந்தது. 1876 இல் பிரேசிலிலிருந்து கொண்டுசெல்லப்பட்டுக் கியூவில் முளைத்த றப்பர் நாற்றுகளில் 1,900 க்கும் மேற்பட்டவை இலங்கைக்கு அனுப்பப்பட்டு, ஹெனரத்கொடையில் நடப்பட்டன. காடுகள் அழிந்து தோட்டங்களாயின. தென்னிந்தியக் கிராமங்களின் வறிய மக்கள் அத்தோட்டங்களுக்கு இழுத்துவரப்பட்டனர். படவரைஞரின் மேசையும் அந்தப் பெரிய இயந்திரத்தின் ஓர் உறுப்பாகவே இருந்தது.

ஆயினும் உண்மையை உற்றுநோக்கும் தொழில் எப்போதும் எசமானரின் விருப்பப்படி நடப்பதில்லை. 1869 இல் மடுல்சீமைப் பகுதியிற் கோப்பி இலைகளின் அடிப்புறத்தே செம்மஞ்சட் பொடி காணப்பட்டது. துவைற்ஸ் அந்த இலைகளை இங்கிலாந்துக்கு அனுப்பினார். பேர்க்லி என்னும் பங்கசு ஆய்வாளர் அப்பொடியை நுணுக்குக்காட்டியிற் பார்த்தபோது, வித்திகள் ஒருபுறம் வழவழப்பாகவும் மறுபுறம் பருக்கள் நிறைந்தும் இருந்தன. பாதி வழவழப்பு என்னும் பொருள்பட ஹெமிலேயா என்று அவர் பெயர் வைத்தார். அழிப்பவள் என்னும் பொருளுடைய வஸ்தாத்ரிக்ஸ் என்பதையும் சேர்த்தார். முதற் சொல் கண்டதைக் கூறியது. இரண்டாவது சொல் நடக்கப்போவதைக் கூறியது. காலநிலையே காரணம், மண் இளைத்ததே காரணம் என்று தோட்டத்துரைமார் வாதிட்டுக்கொண்டே மேலும் மேலும் காடுவெட்டிக் கோப்பி நட்டனர்.

1880 இல் இங்கு அனுப்பப்பட்ட மார்ஷல் வோர்ட் என்னும் இளைஞர் இரண்டாண்டுக் காலம் வித்திகளுடனேயே வாழ்ந்தார். வித்தி முளைப்பதையும், அதன் குழாய் இலையடியிலுள்ள இலைவாய் வழியே உள்ளே நுழைவதையும் படிப்படியாகப் பார்த்து வரைந்தார். கிளிசரின் பூசிய கண்ணாடித் தகடுகளைத் தோட்டங்களில் நிறுத்தி, காற்றில் வரும் வித்திகளைப் பிடித்துக் காட்டினார். இடைவெளியின்றி மலைமலையாக ஒரே பயிரை நட்டதே நோய்க்கு வழிசமைத்தது என்று அவர் சுட்டிக்காட்டியது தோட்டமுதலாளிகளுக்கு உவப்பான செய்தியன்று. அதற்குள் காலமும் கடந்துவிட்டது. கோப்பி வீழ்ந்தது, முதலாளிகள் சிலர் தேயிலைக்குத் தாவினர், சிலர் நாடு திரும்பினர். கூலிநிலுவை கிடைக்காமல் லயங்களில் நின்றவர்கள் யாரென்று நாம் சொல்லத் தேவையில்லை.

இன்றைய நம் பாடசாலைகளுக்கு வருவோம். தாவரவியற் பாடத்தில் செவ்வரத்தம்பூவின் நெடுக்குவெட்டுமுகத்தை வரையாத மாணவர் இல்லை. அவருட் பெரும்பாலோர் அதை எங்கிருந்து வரைகின்றனர்? கரும்பலகையிலிருந்து, அல்லது பாடநூலிலிருந்து. பாடநூலின் படமோ இன்னொரு பாடநூலின் படத்திலிருந்து வந்தது. வகுப்பறை யன்னலுக்கு வெளியே வேலியோரத்தில் அதே பூ மலர்ந்து அன்று மாலையே வாடிவிடுகின்றது. பரீட்சையில் அடையாளமிடுவதற்குப் படம் மனப்பாடமாகிவிட்டது, கண் பயன்படவேயில்லை. அச்சிட்டதை நம்பு, மேலிருந்து வந்ததை எழுது என்னும் பழக்கம் சித்திரத்தாளிலேயே தொடங்கிவிடுகின்றது. இப்பழக்கத்துக்கு ஆளான பிள்ளை பின்னர் பத்திரிகைச் செய்தியையும் அரசியல்வாதியின் சொல்லையும் எப்படி எடைபோடும் என்பதை ஆசிரியர் சிந்திக்கவேண்டும்.

மாற்றுவழிக்குப் பெருஞ்செலவு ஒன்றும் இல்லை. ஒரு பென்சில், ஒரு தாள், ஒரு பழைய சவர அலகு, வகுப்புக்கு ஒரு கைவில்லை. நாற்பது நிமிடப் பாடவேளை போதாது என்பது மெய்யே. இரண்டு பாடவேளைகளைச் சேர்த்துக்கொள்ள நேர அட்டவணை இடங்கொடாது என்னும் முறைப்பாடும் நியாயமானது. ஆயின் ஒரு தவணையில் ஒரேயொரு செடியை, அரும்பு முதல் உதிர்வு வரை, வாரமொருமுறை பார்த்து வரையச் செய்யலாம். முதல்வாரப் படங்கள் எல்லாம் பாடநூற் படங்களாகவே இருக்கும். மூன்றாம் நான்காம் வாரத்திலே வேறுபாடுகள் தலைகாட்டும். புல்லிக்குக் கீழே இன்னொரு சுற்றுச் சிற்றிலைகள் இருக்கின்றனவே என்று ஒரு பிள்ளை கேட்கும். அவற்றை எண்ணச் சொன்னால் ஒருவர் ஐந்தென்பார், இன்னொருவர் ஏழென்பார். இருவர் சொல்வதும் சரியாயிருக்கும். தனித்தனியாகத் தோன்றிய இதழ்கள் அடியிற் கேசரக்குழாயுடன் ஒட்டியிருப்பதை வேறொருவர் பிய்த்துப் பார்த்துக் கண்டுபிடிப்பார்.

இன்னும் சற்றுப் பொறுத்திருந்தால் அரும்பின் முறுக்கையும் அவர்கள் காண்பர். செவ்வரத்தையின் ஐந்து இதழ்களும் அரும்பில் ஒன்றின் ஓரத்தை ஒன்று மூடிச் சுற்றியிருக்கும். ஒவ்வோர் இதழின் ஒரு விளிம்பு உள்ளே, மறு விளிம்பு வெளியே. பாடநூற் படம் ஒரு திசைச் சுற்றையே காட்டும். வேலிக்குச் சென்று பத்து அரும்புகளைப் பறித்துப் பார்த்தால் சில இடஞ்சுழியாகவும் சில வலஞ்சுழியாகவும், ஒரே செடியிலேயே, இருக்கக் காணலாம். எந்தக் கிளையில் எத்தனை, காலை மலர்வதில் எத்தனை என்று பிள்ளைகள் கணக்கெடுக்கத் தொடங்கினால், தாளில் வரைவதற்கு முன் எந்த அரும்பைத் தெரிவுசெய்வது என்னும் வழக்கு அவர்களுக்குள் எழும். அவ்வழக்கைத் தீர்த்துவைக்க ஆசிரியர் அவசரப்படாதிருக்கலாம்.